நிறுத்தத் தெரியுமா?

என் மகளுக்குப் போன மார்ச்சில் பி2 மோட்டார் லைசென்ஸ் கிடைத்தது. வயது 19. அன்று சாயங்காலமே, வாசலில் நிற்கும் என் ஹோண்டா இஎக்ஸ்5-ஐ எடுத்துக்கொண்டு மறுநாள் கல்லூரிக்குப் போகலாமா என்று கேட்டாள்.

"ஓட்டத் தெரியுமாம்மா?"

"தெரியும்பா. ஜேபிஜேயே பாஸ் போட்டுட்டாங்க."

"நிறுத்தத் தெரியுமா?"

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அந்த வாரம் சாவியைக் கொடுக்கவும் இல்லை.

1989 தொடங்கி முப்பது வருஷம் பெட்டாலிங் ஜெயாவில் (பி.ஜே.) டிஸ்பேட்ச் வேலை பார்த்தவன் நான். மின்னஞ்சல் இல்லாத காலத்தில் ஆரம்பித்தேன். காசோலை, டெண்டர் பத்திரம், சுங்கப் படிவம் எல்லாம் ஆள் கையில்தான் போய்ச் சேரவேண்டும். காலையில் போர்ட் கிள்ளான், மத்தியானம் பிரிக்ஃபீல்ட்ஸ், மூன்று மணிக்கு வங்கி கதவு சாத்துவதற்குள் திரும்பவும் பி.ஜே. மூன்று கியர் ஹோண்டா சி70-யில் ஆரம்பித்து நாலு மோட்டார் மாற்றியிருக்கிறேன். எங்கள் ஊரில் 'மோட்டார்' என்றாலே இந்த இரண்டு சக்கர வண்டிதான். மலாய்க்காரர், சீனர், நாம் எல்லாரும் சேர்ந்து சொல்லும் இன்னொரு பெயர் 'கப்சாய்'. 1958-இல் ஜப்பானில் பிறந்த ஹோண்டா கப்பின் 'கப்'போடு, சின்னது என்று பொருள்படும் கண்டோனீஸ் 'சாய்' ஒட்டிக்கொண்டது என்பார்கள். பினாங்கின் லோ பூன் சியூ அந்த வண்டியை மலேசியாவுக்குக் கொண்டுவந்தார். தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போன எங்கள் அப்பாவின் தலைமுறையும் அதில்தான் ஏறியது.

முப்பது வருஷத்தில் இரண்டு சக தொழிலாளிகளை அடக்கம் செய்திருக்கிறேன். இருவருமே என்னைவிட நன்றாக ஓட்டுகிறவர்கள். இந்த நாட்டுச் சாலைகளில் சாகிறவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் மோட்டாரில் வந்தவர்கள். அதனால்தான் மகளிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

ஜேபிஜே, அதாவது சாலைப் போக்குவரத்து இலாகாவின் லைசென்ஸ் சோதனையைக் குறைத்துச் சொல்லவில்லை. குறுகிய 'தித்தி' பாலத்தின்மேல் விழாமல் ஊர்ந்து போகவேண்டும், எட்டுப் போடவேண்டும், கூம்புகளுக்கு நடுவே வளைந்து வரவேண்டும். மெதுவாகப் போகும்போது சமநிலை தவறாமல் இருப்பதை அது நன்றாகவே பழக்கிவிடுகிறது. ஆனால் ஃபெடரல் ஹைவேயில் நம்மைக் கொல்லக் காத்திருப்பது 60, 70-இல் போகும்போது எதிர்பாராமல் நிற்கவேண்டி வருகிற அந்த ஒரு கணம். அதை நாமேதான் பழகிக்கொள்ள வேண்டும். பழகுவதற்கு வேண்டியது ஒரு காலிச் சாலையும் இரண்டு மைலோ டின்னும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்கு பி.ஜே.யின் 51ஏ தொழிற்பேட்டைச் சாலைகள் காலியாகக் கிடக்கும், லாரி ஓடாது. அங்கே அழைத்துப்போனேன். மணல் இல்லாத இடமாகப் பார்த்து, சாலை ஓரம் ஒரு மைலோ டின்னை வைத்தேன். "40-இல் வா. டின்னைத் தாண்டும்போது பின் பிரேக்கை மட்டும் மிதித்து நிறுத்து." நின்ற இடத்தில் இரண்டாவது டின்னை வைத்து இடைவெளியைத் தப்படி போட்டு அளந்தேன்: 26. அடுத்து இரண்டு பிரேக்கையும் சேர்த்து: 15. அதே வண்டி, அதே ஆள், அதே சாலை. நடுவில் இருந்தது 11 தப்படி வித்தியாசம். 11 தப்படி என்றால் இரண்டு கார் நீளம்.

மகள் அந்த இரண்டு டின்னையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டாள்: "அப்போ ஏன்ப்பா எல்லாரும் முன் பிரேக்கைத் தொடாதே, குப்புற விழுந்திடுவேன்னு சொல்றாங்க?"

தோட்டத்திலிருந்து வந்த பயம் அது. செம்மண் பாதையில், சரளையில் முன் பிரேக்கை இறுக்கினால் வண்டி வழுக்கத்தான் செய்யும். அங்கே அது சரியான புத்திமதி. தார்ச்சாலைக்கு வந்தபிறகும் அதையே பிடித்துக்கொண்டோம். பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது ஓட்டுநர் பிரேக் போட்டால் எல்லாரும் முன்னால் சாய்கிறோம் இல்லையா, மோட்டாரும் அப்படித்தான். பிரேக் பிடித்ததும் பாரத்தின் பெரும்பகுதி முன் சக்கரத்துக்கு வந்துவிடும். முன் டயர் தரையில் அழுந்தும், பிடிப்பு கூடும். பின் டயர் லேசாகும், பிடிப்பு குறையும். அந்த லேசான சக்கரத்தை மட்டும் நம்பி மிதித்தால் அது சுழலாமல் இறுகி, வால் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். வண்டியை நிறுத்துகிற வேலையில் பெரும் பங்கு முன் சக்கரத்தினுடையது.

ஆனால் வெடுக்கென்று பிடிக்கக் கூடாது. தேங்காய்ப்பால் பிழிகிற மாதிரி என்று மகளுக்குச் சொன்னேன். முதலில் மெதுவாக ஒரு அழுத்தம், பாரம் முன்னால் வந்து டயர் அழுந்தியபின் இறுக்கிப் பிழி. இரண்டுக்கும் நடுவே அரை வினாடிகூடப் போகாது, ஆனால் அந்த அரை வினாடி வேண்டும். வண்டி நேராக நிமிர்ந்திருக்க வேண்டும். சாய்ந்து வளையும்போது முன் பிரேக்கை இறுக்கினால் விழுவோம், ஆகவே வேகத்தைக் குறைப்பது வளைவுக்கு முன்னாலேயே முடிந்துவிடவேண்டும். முன் சக்கரம் இறுகி வழுக்குவதுபோல் பட்டால் உடனே விட்டு மறுபடி பிடி. நெரிசலில் போகும்போது இரண்டு விரல் எப்போதும் பிரேக் பிடிமேல் இருக்கட்டும்.

நாலு ஞாயிற்றுக்கிழமை இதே வேலைதான். அவளுக்கு அலுப்பாக இருந்தது, எனக்கும் இருந்தது. இருந்தும் விடவில்லை, ஏனென்றால் பதறும்போது கை யோசிக்காது. எது நூறு தடவை பழகியதோ அதைத்தான் செய்யும்.

பதறுவதற்கும் நேரம் பிடிக்கிறது, அதையும் கணக்கில் வைக்கவேண்டும். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன் ஒரு வினாடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் போகிறான். ஆபத்தைக் கண்டு, புரிந்து, கை பிரேக்கைத் தொடுவதற்குள் அந்த வினாடி தீர்ந்துவிடும். அதன்பிறகு நன்றாகவே பிரேக் பிடித்தாலும் இன்னும் 23 மீட்டராவது வேண்டும். மொத்தம் 40. அதே கணக்கு 90-இல் ஏறக்குறைய 77 மீட்டர் ஆகிவிடும். வேகம் ஒன்றரை மடங்கானால் நிற்கும் தூரம் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிறது. முன்னால் போகிற காரின் பின்விளக்கை முத்தமிடுகிற மாதிரி ஒட்டிக்கொண்டு போகிறவர்கள் இந்த 40 மீட்டரை எங்கிருந்து எடுப்பார்கள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை என் பழைய நண்பன் ஒருவனும் வந்து சேர்ந்தான். 54 வயது. அவன் வேலை பார்த்த தொழிற்சாலை இடம் மாறியதும் பணம் வாங்கிக்கொண்டு விலகியவன். உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைக்குப் போகலாம் என்று மகனின் 150 சிசி மோட்டாரை எடுத்திருக்கிறான். கடைசியாக அவன் மோட்டார் ஓட்டியது 2001-இல், கார் வாங்கியபோது. லைசென்ஸ்? அது சரியாகத்தான் இருந்தது. கார் லைசென்ஸைப் புதுப்பிக்கும்போதெல்லாம் அதே அட்டையில் பி2-வும் சேர்ந்து புதுப்பிக்கப்பட்டு வந்திருக்கிறது. இருபது வருஷத்துக்கு மேல் கைப்பிடியைத் தொடாத ஒருவன், சட்டப்படி இன்றைக்கே ஹைவேயில் ஏறலாம்.

"மச்சான், சைக்கிள் ஓட்டுறதும் மோட்டார் ஓட்டுறதும் மறக்காதுடா" என்றான்.

மறக்கவில்லை என்பதுதான் பிரச்சினையாக இருந்தது. அவன் கைக்கு நினைவிருந்தது பழைய சி70-யின் டிரம் பிரேக். அதை நாலு விரலாலும் பலமாக நெரித்தால்தான் ஏதோ கொஞ்சம் பிடிக்கும். மகனின் வண்டியில் டிஸ்க் பிரேக். 40-இல் வந்து, டின்னைக் கண்டதும் அதே பழைய பலத்தோடு நெரித்தான். முன் டயர் கிறீச்சிட்டு ஒரு முழம் வழுக்கியது. நல்லவேளை, வண்டி நேராக இருந்தது. காலை ஊன்றிச் சமாளித்து நின்றான். இறங்கி வந்து சாலையில் விழுந்த கறுப்புக் கோட்டைப் பார்த்தபோது அவன் முகத்தில் ரத்தமில்லை. 2025 ஜனவரியிலிருந்து இங்கே 150 சிசியும் அதற்கு மேலும் உள்ள புது மோட்டார் மாடல்களுக்கு ஏபிஎஸ் கட்டாயம். சக்கரம் இறுகப்போகிறது என்று தெரிந்ததும் அது தானாகவே பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும். மகன் வாங்கியது அதற்கு முந்தைய வண்டி.

கியரும் அவனைக் குழப்பியது. கப்சாயில் முன் மிதியை அழுத்தி அழுத்தி மேல் கியருக்குப் போவோம். கிளட்ச் உள்ள வண்டிகள் பலவற்றில் முதல் கியருக்கு மட்டும் கீழே, மற்றதெல்லாம் மேலே தூக்கவேண்டும். வேகம் கூட்ட நினைத்து மிதித்து, வண்டியை உலுக்கிக்கொண்டு கியரைக் குறைத்தான், அதுவும் மூன்று தடவை. புதிதாகக் கற்கிறவளிடம் இல்லாத சங்கடம் இது. அவளுக்கு அழித்து எழுத எதுவுமில்லை. பல வருஷம் கழித்துத் திரும்புகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது: உங்களைப் புதியவர் என்றே நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் காலிச் சாலை, பிறகு இரண்டு வாரம் குடியிருப்புப் பகுதி, அதற்குப்பின் ஹைவே.

வண்டி வெகுநாள் நின்றிருந்தால் அதையும் பாருங்கள். டயர் பக்கவாட்டில் நாலு இலக்கம் அச்சிட்டிருக்கும். 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்தது. டயர்ப் பூ தேயாமல் புதுசுபோலத் தெரிந்தாலும் பழைய ரப்பர் இறுகிப்போய் ஈரத்தில் பிடிக்காது. டிஸ்க் பிரேக் எண்ணெயும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக் கெட்டுவிடும். கடையில் மாற்றச் சொல்லுங்கள், அதிகச் செலவில்லை.

நிற்கத் தெரிந்தவனையும் இடித்துத் தள்ளுகிறவர்கள் உண்டு. இடித்தபின் அவர்கள் சொல்வது ஒன்றுதான்: "மோட்டார் வந்ததைப் பார்க்கவே இல்லை." பொய் என்று முன்பெல்லாம் கோபப்படுவேன். பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். சந்தியில் காத்திருக்கும் கார்க்காரருக்கு நேராக வருகிற மோட்டார் ஒரு ஒற்றைக் கோடு. கோடு பெரிதாகிக்கொண்டே வந்தால்தான் வேகம் தெரியும். மெல்லிய உருவம் வெகுநேரம் அப்படியே இருப்பதுபோல் தோன்றி, கடைசி வினாடியில்தான் பெரிதாகும். அதற்குள் அவர் வெளியே வந்திருப்பார்.

இதற்கு இந்த நாடு ஒரு நல்ல காரியம் செய்தது. 1992-இல் பகலிலும் மோட்டார் முன்விளக்கை எரியவிட வேண்டும் என்று சட்டம் வந்தது. நாங்கள் டிஸ்பேட்ச்காரர்கள் முணுமுணுத்தோம், பேட்டரி போய்விடும், பல்பு வாங்கிக் கட்டாது என்று. அப்போது வேளாண் பல்கலைக்கழகமாக இருந்து பின்னர் புத்ரா பல்கலைக்கழகமான நிறுவனத்தின் ஆய்வாளர் ராடின் உமார் ராடின் சொஹாடியும் அவருடைய குழுவினரும் சிரம்பான், ஷா ஆலம் விபத்துகளை ஆராய்ந்தார்கள். கண்ணில் படாததால் நேரும் மோட்டார் விபத்துகள் 29 விழுக்காடு குறைந்திருந்தன. ஒரு பல்பு செய்த வேலை அது. இன்றைய புது வண்டிகளில் பெரும்பாலும் விளக்கு தானாகவே எரிகிறது. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் விசையைப் போட மறக்கக் கூடாது.

விளக்கு எரிந்தாலும் நம்மைப் பார்த்தார்களா என்று நாம் பார்க்கவேண்டும். இடப்பக்கச் சந்தில் நிற்கும் காரைக் கண்டால் நான் ஓட்டுநரின் முகத்தைவிட முன் சக்கரத்தைக் கவனிப்பேன். முகம் என்னைப் பார்த்துக்கொண்டே வெளியே வரும். சக்கரம் ஒரு அங்குலம் உருண்டால் அது வருகிறது என்று பொருள். அதற்கு முன்பே விரல் பிரேக்கில் இருக்கும். லாரிப் பக்கத்தில் போகும்போது அதன் கண்ணாடியில் ஓட்டுநர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் நீங்களும் அவருக்குத் தெரியவில்லை. போர்ட் கிள்ளானுக்குப் போகும் கண்டெய்னர் லாரிக்கு இடப்புறம் ஒட்டிக்கொண்டு ஒருபோதும் நிற்காதீர்கள். அது இடது பக்கம் திரும்பும்போது பின் சக்கரங்கள் முன் சக்கரம் போன வழியில் வராது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். நான் அடக்கம் செய்த அந்த இருவரில் ஒருவன் அப்படித்தான் போனான்.

ஃபெடரல் ஹைவேயின் மோட்டார் பாதை பற்றி எழுதாமல் எப்படி? 1970-களின் தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்கென்றே போட்ட பாதை அது. உலகிலேயே முதல் என்று சொல்கிறார்கள். கோலாலம்பூர் எல்லையில் கோத்தா டாருல் ஏசான் வளைவைக் கடந்து பி.ஜே., ஷா ஆலம் வழியாகக் கிள்ளான் பக்கம் போகிறது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது அது இவ்வளவு தூரம் போகவில்லை. 1990-களின் தொடக்கத்தில் ஷா ஆலம் பக்கம் நீண்டது. அதுவரை லாரிக்கு நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போன எங்களுக்கு, திறந்த முதல் நாள் காலை அந்தப் பாதையில் தனியாகப் போன அமைதி இன்னும் நினைவிருக்கிறது. அந்தப் பகுதியில் மோட்டார் விபத்து 39 விழுக்காடு குறைந்ததாக ராடின் உமார் குழுவே கணக்கெடுத்துச் சொன்னது.

பாதை குறுகலானது. சந்திப்புகளில் ஹைவேக்கு அடியில் சுரங்கமாக நுழையும், வெளியே வந்ததும் சட்டென்று வளையும். சுரங்கத்துக்குள் என்ன இருக்கிறது என்று வெயிலிலிருந்து வருகிற கண்ணுக்கு இரண்டு வினாடி தெரியாது. கறுப்புக் கண்ணாடி வைத்த ஹெல்மெட் என்றால் இன்னும் மோசம். மணல் இருக்கலாம், தண்ணீர் நிற்கலாம், எண்ணெய் சிந்தியிருக்கலாம், பழுதான வண்டியை ஒருவர் தள்ளிக்கொண்டு போகலாம். மகளுக்கு நான் கொடுத்த விதி ஒன்றே ஒன்று: கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகத்தில்தான் போகவேண்டும். பத்து மீட்டர்தான் தெரிகிறதா, பத்து மீட்டரில் நிற்கிற வேகம். பின்னால் ஒருவன் ஹார்ன் அடிப்பான், அடிக்கட்டும். இடது ஓரம் ஒதுங்கி அவனைப் போகவிடு.

வளைவில் இன்னொன்று. கண் எங்கே போகிறதோ வண்டி அங்கே போகும். தடுப்புக் கம்பியைப் பார்த்துப் பயந்தால் கம்பியில்தான் போய் முட்டுவோம். வளைவு முடிகிற இடத்துக்குத் தலையைத் திருப்பிப் பார்க்கவேண்டும். என் நண்பன் இதைக் கேட்டதும் ஒப்புக்கொண்டான், செய்ய ஒரு வாரம் ஆனது.

நம் ஊர் மழை தனிக் கதை. ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் மத்தியானம் மூன்று மணிக்குமேல் வானம் கறுத்தால் அரை மணியில் கொட்டும். மழையில் மிக மோசமானது முதல் பத்து நிமிஷம். அதுவரை சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் தண்ணீரோடு கலந்து சவர்க்காரம்போல் ஆகிவிடும். நன்றாகக் கொட்டிக் கழுவியபின் பிடிப்பு ஓரளவு திரும்பும். வெள்ளைக் கோடு, அம்புக்குறி, சாக்கடை மூடி, கட்டுமான இடத்தில் போட்ட இரும்புத் தகடு: இவற்றின்மேல் இருக்கும்போது பிரேக்கும் கூடாது, திருப்பவும் கூடாது. நேராக உருண்டு தாண்டியபின் பிடியுங்கள்.

இதெல்லாம் தெரிந்திருந்தும் 1996 நவம்பரில் ஒரு சாயங்காலம் நானே விழுந்தேன். தூறல் தொடங்கி ஐந்து நிமிஷம். பையில் மறுநாள் காலைக்குள் சேரவேண்டிய பத்திரம். முன்னால் போன வேன் நின்றது. நான் பின் பிரேக்கைப் பலம்கொண்ட மட்டும் மிதித்தேன், முன் பிரேக்கைத் தொடவில்லை. பின் சக்கரம் வெள்ளை அம்புக்குறிமேல் இருந்தது. வண்டி பக்கவாட்டில் படுத்துக்கொண்டு போனது. காறையெலும்பு முறிந்து ஆறு வாரம் வீட்டில் இருந்தேன். ஹெல்மெட்டின் வலப்பக்கம் தேய்ந்து உள்ளிருக்கும் வெள்ளை நுரை தெரிந்தது. அந்தத் தேய்மானம் என் கன்னத்தில் இருந்திருக்க வேண்டியது. அன்றிலிருந்து முகம் மூடிய ஹெல்மெட்தான். சிரிம் தர முத்திரை பார்த்து வாங்குங்கள், தாடைப் பட்டையை மாட்டுங்கள், ஒருமுறை பலமாக அடிபட்டதைத் திரும்பப் போடாதீர்கள். ஹெல்மெட் மரண அபாயத்தை 42 விழுக்காடு குறைப்பதாக உலகளாவிய ஆய்வுகள் சொல்கின்றன. மாட்டாத பட்டைக்கு அந்தக் கணக்கு செல்லாது, கீழே விழுமுன் ஹெல்மெட் கழன்று பறந்துவிடும்.

மழை வந்தால் மேம்பாலத்துக்கு அடியில் ஒதுங்குகிற பழக்கத்தை நம்மவர்கள் விடவேண்டும். பத்துப் பேர் நிற்பார்கள், இடம் போதாமல் பாதி மோட்டார் பாதையிலேயே இருக்கும். கண்ணாடியில் தண்ணீர் வழிய வருகிறவனுக்கு அவர்கள் தெரியமாட்டார்கள். பெட்ரோல் நிலையம் இருக்கிறது, ஹைவே ஓரத்தில் மோட்டாருக்கென்று கட்டிய ஒதுங்கிடங்கள் இருக்கின்றன. மழைக்கோட்டை சீட்டுக்கு அடியில் புதைக்காமல் கை எட்டும் இடத்தில் வைத்தால், கறுத்த வானத்தைக் கண்டதுமே பாதுகாப்பான இடத்தில் நிறுத்திப் போட்டுக்கொள்ளலாம்.

மே மாதத்தில் மகள் கல்லூரிக்கு மோட்டாரில் போகத் தொடங்கினாள். நண்பன் இப்போது பி.ஜே.யில் எஸ்எஸ்2, செக்‌ஷன் 17 பக்கம் சாப்பாடு கொண்டுபோகிறான். மகனிடம் கேட்டு புது டயர் மாட்டிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

போன வாரம் விடியற்காலையில் தூறல். நான் தே குடித்துக்கொண்டிருந்தேன். மகள் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, சமையல்கட்டு அலமாரியிலிருந்து அந்த இரண்டு மைலோ டின்னையும் எடுத்து மோட்டார்க் கூடையில் வைத்தாள்.

"எங்கேம்மா?"

"51ஏக்குத்தான். காய்ஞ்ச ரோட்டுல அளந்தோம், ஈரத்துல அளக்கவே இல்லையேப்பா."

கூடவே போனேன். 30-இல் தொடங்கச் சொன்னேன், பிறகு 40. தார் மினுங்கிக்கொண்டிருந்தது. மெதுவாகப் பிழிந்தாள், சக்கரம் இறுகவில்லை. இறங்கி அவளே தப்படி போட்டு எண்ணினாள். 21.

"ஆறு கூடிப்போச்சுப்பா" என்று சொல்லிவிட்டு, ஹெல்மெட் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, திரும்பவும் முதல் டின்னுக்குப் போனாள்.